குழந்தையை இழுத்துக்கொண்டு சைக்கிள் ஓட்ட எந்த இணைப்பு வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலும் பொங்கோல் நீர்வழிப் பாதையிலும் குழந்தையைப் பின்னால் இழுத்துச் செல்லும் சைக்கிளைப் பார்த்தவுடன் பெற்றோர் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில், சிக்கலானவை பின்னால்.

விலையைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: குழந்தைக்கு இப்போது என்ன செய்ய வருகிறது, உங்கள் சைக்கிளில் இணைப்பு பிடிக்கப்போகும் இடம் எப்படிப்பட்டது, போகும் பாதையில் மிகக் குறுகலான இடம் எது. தவறாக வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்த மூன்றில் ஒன்றை வாங்கிய பிறகுதான் பார்த்திருக்கிறார்கள்.

1. பின்னாடி மாட்டி இழுக்கிறது எல்லாம் ஒரே சாமான்தானே? எத்தனை வகை இருக்கு?

நான்கு வகை. முதலாவது டிரெய்லர்: இரண்டு சக்கரம், துணிக்கூடாரம், உள்ளே பெல்ட்டுடன் இருக்கை. குழந்தை உட்கார்ந்து வரும், அவ்வளவுதான். இரண்டாவது டேக்-அலாங்: முன்சக்கரம் இல்லாத அரைச் சைக்கிள். ஹேண்டில் இருக்கும், திருப்ப முடியாது. பெடல் இருக்கும், பிரேக் பெரும்பாலும் இருக்காது.

மூன்றாவது டோ பார்: குழந்தையின் சொந்தச் சைக்கிளின் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, உங்கள் சைக்கிளோடு பிணைக்கும் கம்பி. ட்ரெயில்-கேட்டர் என்ற பிராண்டு உங்கள் சீட் போஸ்ட்டில் (சீட்டைத் தாங்கும் குழாயில்) மாட்டும். ஃபாலோமீ என்ற பிராண்டு பின்சக்கர ஆக்சிலில் (அச்சில்) மாட்டும். நான்காவது இழுவைக் கயிறு: தானாக ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு மேட்டில் மட்டும் கைகொடுக்கும், இழுபடும் தன்மையுள்ள பட்டை.

2. பாப்பாவுக்கு 10 மாசம். டிரெய்லர்ல படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போகலாமா?

வேண்டாம். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையைச் சைக்கிளிலோ டிரெய்லரிலோ ஏற்றக்கூடாது என்பதுதான் குழந்தை மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. ஹெல்மெட் போட்ட தலையின் எடையைத் தாங்கிக்கொண்டு, யாரும் பிடிக்காமல், குலுங்கும் இருக்கையில் நிமிர்ந்து உட்காரக் கழுத்துக்கும் முதுகுக்கும் பலம் வந்திருக்க வேண்டும். ஒரு வயது தாண்டியும் அந்தப் பலம் வராத குழந்தைக்கு இன்னும் சில மாதம் பொறுங்கள்.

ஹெல்மெட்டில் ஒரு சிக்கல் உண்டு. பின்பக்கம் புடைத்த ஹெல்மெட் டிரெய்லர் இருக்கையில் இடித்து, குழந்தையின் தாடையை நெஞ்சோடு அழுத்தும். பின்புறம் தட்டையான ஹெல்மெட்டாக வாங்குங்கள். தலைக்குப் பின்னால் ஹெல்மெட்டுக்கென்று குழிவு விட்டிருக்கும் டிரெய்லராக இருந்தால் இன்னும் நல்லது. குழந்தையைக் கடைக்குக் கூட்டிப்போய், ஹெல்மெட்டோடு உட்காரவைத்துப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

3. எங்க பொண்ணுக்கு நாலு வயசு. டேக்-அலாங் வாங்கறதா, டோ பார் வாங்கறதா?

அவளிடம் ஏற்கெனவே சைக்கிள் இருக்கிறதா, அதை அவள் கொஞ்ச தூரமாவது ஓட்டுவாளா என்று பாருங்கள். ஓட்டுவாள் என்றால் டோ பார். பூங்காவுக்குள் போனதும் கழற்றிவிட்டால் அவள் தானாக ஓட்டுவாள். சோர்ந்தால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். ட்ரெயில்-கேட்டரும் ஃபாலோமீயும் 12 முதல் 20 அங்குலச் சக்கரமுள்ள சைக்கிள்களுக்கானவை.

இரு சக்கரத்தில் சமநிலை இன்னும் வரவில்லை, ஆனால் பெடல் மிதிக்க ஆசை என்றால் டேக்-அலாங். அதற்குக் குறைந்தது இவ்வளவு வேண்டும்: ஹேண்டிலை இரண்டு கையாலும் விடாமல் பிடித்திருக்க வேண்டும், பெடல் கீழே வரும்போதும் கால் எட்ட வேண்டும், "பிடிச்சுக்கோ" என்றால் அந்த நொடியே பிடிக்க வேண்டும். இது மூன்று வயதில் சிலருக்கு வரும், ஐந்தில்கூடச் சிலருக்கு வராது. அதனால்தான் பெட்டியில் போட்டிருக்கும் வயதைவிட உங்கள் பிள்ளையை நம்பச் சொல்கிறோம்.

டோ பாரிலேயே இரண்டில் எது என்று கேட்டால், பணம் கூடுதலாக ஆனாலும் ஆக்சிலில் மாட்டுவதைத்தான் சொல்வோம். இணைப்பு எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குக் குழந்தையின் ஆட்டம் உங்கள் சைக்கிளை முறுக்கும். சீட் போஸ்ட்டில் மாட்டினால் பிள்ளை திரும்பி மயிலைப் பார்த்தால்கூட உங்கள் இடுப்புக்குக் கீழே தெரியும். ஆக்சில் தரைக்கு அருகில் இருப்பதால் அதே ஆட்டம் பாதிகூட எட்டாது.

4. பையன் நல்லாவே ஓட்டுவான். ஆனா திரும்பி வரும்போது கால் வலிக்குதுங்கிறான். கயிறு போதுமா?

பிரேக் பிடிக்கத் தெரிந்தவன், நேராக ஓட்டுபவன் என்றால் போதும். ஆனால் கயிறு மேட்டுக்கு மட்டும்தான். சமதளத்தில் பழக்கமில்லாமல் இழுத்தால் அவன் மிதிப்பதை நிறுத்தி, கயிறு தொய்ந்து, அவன் முன்சக்கரத்திலேயே சிக்கும். இறக்கத்தில் கட்டவே கூடாது. நீங்கள் பிரேக் பிடித்தால் அவனை நிறுத்த எதுவும் இல்லை. நேராக உங்கள் பின்சக்கரத்தில் வந்து மோதுவான்.

சிங்கப்பூரில் நீண்ட மேடு குறைவு. இங்கே பிள்ளைகள் சோர்வது பெரும்பாலும் வெயிலாலும் தூரத்தாலும்தான். ஆகவே இங்குள்ள குடும்பங்களுக்குக் கயிற்றைவிட டோ பார்தான் அதிகம் பயன்படுகிறது.

5. ஆன்லைன்ல ஆர்டர் போடறதுக்கு முன்னாடி என் சைக்கிள்ல எதையெல்லாம் அளக்கணும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

முதலில் பின் ஆக்சில். மூன்று வகைகளில் ஒன்றாக இருக்கும். நெம்புகோல் மடக்கிக் கழற்றுவது குவிக் ரிலீஸ். இரு பக்கமும் தடித்த நட்டு இருந்தால் திட ஆக்சில். சட்டத்துக்குள் ஊடுருவித் திருகியிருந்தால் த்ரூ ஆக்சில். குவிக் ரிலீஸில் ஹிட்ச் (இணைப்பை ஆக்சிலோடு பிடிக்கும் பாகம்) தகடு சேர்ந்தால் சில மில்லிமீட்டர் நீளம் போதாமல் போகும். எதிர்ப்பக்க நட்டு முழுதாக ஐந்து சுற்றாவது ஏறவில்லை என்றால் நீளமான ஸ்கூவர் (ஆக்சிலுக்குள் ஓடும் கம்பி) வாங்கியே ஆக வேண்டும். த்ரூ ஆக்சிலில் பெரும்பாலும் விட்டம் 12 மி.மீ, ஆனால் நீளமும் மரையின் இடைவெளியும் மாறும். 1.0, 1.5, 1.75 மி.மீ என்று மூன்று மரை புழக்கத்தில் உண்டு. பழைய ஆக்சிலைக் கழற்றினால் அதன் மேலேயே பொறித்திருக்கும். படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மரை பொருந்தாததைப் பலவந்தமாகத் திருகினால் சைக்கிளின் சட்டமே போய்விடும்.

அடுத்து சீட் போஸ்ட். வெளிவிட்டத்தை வெர்னியர் அளவி வைத்து அளங்கள். 27.2, 30.9, 31.6 மி.மீ ஆகியவை அதிகம் காணப்படுபவை. இணைப்பின் இடுக்கி (போஸ்ட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) அதைவிடப் பெரிதாக இருந்தால் ஷிம் என்ற உலோக வளையம் போட்டு நிரப்பலாம். ரப்பர் துண்டும் அட்டையும் சுற்றி நிரப்பக்கூடாது. இடுக்கி பிடிக்க வெளியே குறைந்தது 6 செ.மீ போஸ்ட் தெரிய வேண்டும். குட்டையானவர்களின் சைக்கிளில் சீட் தாழ்ந்திருப்பதால் பலருக்கு இந்த இடமே இருப்பதில்லை. கார்பன் போஸ்ட், உயரம் மாற்றும் டிராப்பர் போஸ்ட் இரண்டிலும் மாட்டவே கூடாது.

கடைசியாக, இடப்பக்கம் ஆக்சிலுக்கு மேல் என்ன இருக்கிறது என்று குனிந்து பாருங்கள். டிஸ்க் பிரேக்கின் காலிப்பர், ஸ்டாண்டின் கால், மட்கார்டின் கம்பி இவற்றில் ஏதாவது ஹிட்ச் உட்காரும் இடத்தில் இருக்கலாம். டிரெய்லர் ஹிட்ச் பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும், ஏனென்றால் வலப்பக்கம் கியரும் செயினும் இருக்கின்றன.

6. என்னுது மடக்குச் சைக்கிள். இதுல மாட்டலாமா?

பெரும்பாலும் முடியாது என்று எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். பிராம்டனின் சீட் போஸ்ட் 31.8 மி.மீ; டஹோன், டெர்ன் சைக்கிள்களில் பெரும்பாலும் 33.9 மி.மீ. டோ பார் இடுக்கிகள் பலவற்றுக்கு இவை தடிமன் அதிகம். விட்டம் பொருந்தினாலும், மடக்குச் சைக்கிளின் போஸ்ட் மிக நீளம். அதன் உச்சிக்கருகில் 25 கிலோ பக்கவாட்டில் இழுத்தால் போஸ்ட்டும் சட்டத்தின் கீலும் அந்த முறுக்கைத் தாங்க வேண்டும். ஃபாலோமீ போன்றவை 26 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள சக்கரங்களுக்கு அமைக்கப்பட்டவை.

சிறிய ஒற்றை டிரெய்லர் மட்டும் சில 20 அங்குல மடக்குச் சைக்கிள்களுக்குப் பொருந்தும். சைக்கிளின் கையேடு, டிரெய்லரின் கையேடு இரண்டிலும் அனுமதி இருந்தால்தான். சைக்கிளை எம்ஆர்டி ரயிலில் ஏற்றிப் போகலாம் என்று திட்டமிடுபவர்கள் கவனிக்க: மடக்கிய சைக்கிளுக்கு 120 செ.மீ, 70 செ.மீ, 40 செ.மீ என்பது அளவு வரம்பு. டிரெய்லரையும் சேர்த்து அதற்குள் அடக்க முடியாது.

7. மின்சைக்கிள் இருக்கே, அதுல இழுத்தா சுலபமா இருக்குமே?

சுலபம்தான், ஆனால் கட்டுப்பாடுகள் அதிகம். ஆரஞ்சு முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள மின்சைக்கிளை மட்டுமே ஓட்டலாம். நடைபாதையில் ஓட்டவே கூடாது. சைக்கிளின் எடை வரம்பு 20 கிலோ. அனுமதி பெற்ற வடிவத்தை மாற்றியமைப்பது குற்றம். வீட்டு வாசலிலிருந்து பூங்கா இணைப்புப் பாதை வரை நடைபாதைதான் வழி என்றால் அந்தத் தூரம் முழுக்கத் தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் அதன் ஆக்சிலில் ஹிட்ச் தகட்டைச் சேர்க்காதீர்கள். மோட்டாரின் திருகுவிசை முழுவதையும் அந்த நட்டுகள்தான் பிடித்திருக்கின்றன; தகடு சேர்ந்ததும் நட்டு ஏறும் சுற்று குறைகிறது. இழுவைக்குச் சாதாரணச் சைக்கிளே போதும் என்பது எங்கள் கருத்து. இங்கே பாதைகள் சமதளம்.

8. 70 சென்டிமீட்டர்னு ஏதோ அளவு சொல்றாங்களே, அது என்ன?

பொதுப் பாதையில் ஓட்டும் சாதனங்களுக்கு நிலப் போக்குவரத்து ஆணையம் வைத்திருக்கும் அகல வரம்பு அது. டிரெய்லர் வாங்கும்போதும் அதையே உங்கள் உச்சவரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். துணிக்கூடாரத்தை அளக்காதீர்கள், ஒரு சக்கரத்தின் வெளிமுனையிலிருந்து மறு சக்கரத்தின் வெளிமுனை வரை அளங்கள். இரட்டை இருக்கை டிரெய்லர்கள் பல 80 செ.மீ.யையும் தாண்டும்.

சட்டம் ஒருபுறம் இருக்க, ஓட்டும்போதும் இந்த அளவு முக்கியம். உங்கள் ஹேண்டில் 60 செ.மீ சுமாருக்கு இருக்கும். ஹேண்டில் நுழைந்த இடத்தில் டிரெய்லரும் நுழையும் என்று மனம் கணக்குப் போடும். நுழையாது, பின்னால் வரும் சக்கரம் தடுப்புக்கட்டையில் ஏறும்.

வேகம்: நடைபாதையில் மணிக்கு 10 கி.மீ, சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கி.மீ. 2025 ஜூலை 1 முதல், பக்கத்திலேயே சைக்கிள் பாதை இருந்து, பாதசாரிகளுக்கு மட்டும் என்று குறிக்கப்பட்ட நடைபாதையில் சைக்கிள் ஓட்டக்கூடாது. இழுத்துக்கொண்டு போகும்போது எந்தப் பாதையிலும் 15ஐத் தாண்டாதீர்கள். காரணம் 10ஆம் கேள்வியில் இருக்கிறது.

9. சாலையில போகலாமா? கொஞ்ச தூரம்தான்.

போகாதீர்கள். டிரெய்லரில் குழந்தையின் தலை கார் பம்பரின் உயரத்தில் இருக்கிறது. பேருந்து ஓட்டுநரின் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. சாலையைக் கடக்க வேண்டிய இடத்தில் இறங்கித் தள்ளிக் கடங்கள்.

10. எவ்வளவு எடை வரை இழுக்கலாம்?

இணைப்பின் மேல் ஒட்டியிருக்கும் எண்தான் முடிவு. பர்லி நிறுவனத்தின் ஒற்றை இருக்கை டிரெய்லர்களில் சுமை வரம்பு சுமார் 34 கிலோ, இரட்டையில் 45 கிலோ. பை, தண்ணீர்ப் புட்டி, விளையாட்டுச் சாமான் எல்லாம் அதற்குள்தான். டோ பாரில் பிள்ளையும் பிள்ளையின் சைக்கிளும் சேர்ந்து எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மலிவான 16 அங்குலச் சைக்கிள் இரும்பாக இருந்தால் அதுவே 9, 10 கிலோ வரும்.

ஒரு கணக்கு. நீங்கள் 70 கிலோ, உங்கள் சைக்கிள் 14 கிலோ, மொத்தம் 84. பிள்ளை 18, அவள் சைக்கிள் 8, டோ பார் 4. சேர்ந்தது 30 கிலோ. பிரேக் கட்டைகள் அதேதான்; நிறுத்த வேண்டிய எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. மழையில் நனைந்த ரிம் பிரேக் என்றால் முதல் ஓரிரு சுற்று கிட்டத்தட்ட ஒன்றும் பிடிக்காது. பிரேக் கட்டையின் பள்ளம் தேய்ந்து மறைந்திருந்தால், இணைப்பு வாங்கும் அன்றே கட்டையையும் மாற்றுங்கள்.

11. டோ பார் மாட்டியாச்சு, ஆனா பின்னாடி சைக்கிள் ஒரு பக்கமாவே சாயுது. ஏன்?

சீட் போஸ்ட்டில் மாட்டும் வகைகளில் அதிகம் கேட்கும் புகார் இது. மூன்று காரணங்களை வரிசையாகப் பாருங்கள். ஒன்று, போஸ்ட்டில் இடுக்கி மெல்லச் சுழல்கிறது. இடுக்கியின் விளிம்பிலிருந்து போஸ்ட் வரை நிரந்தர மையால் ஒரு கோடு போடுங்கள். ஒரு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாக உடைந்து, மேல்பாதி ஒரு பக்கமும் கீழ்ப்பாதி ஒரு பக்கமும் நின்றால் காரணம் அதுதான். போஸ்ட்டையும் இடுக்கியின் உட்புறத்தையும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல், கையேட்டில் உள்ள திருகுவிசைக்கு இறுக்குங்கள். ஷிம் அளவு தவறாக இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது.

இரண்டு, பிள்ளையின் சைக்கிளின் கீழ்க்குழாயில் இருக்கும் தாங்கி நடுவில் உட்காரவில்லை. இப்போது வரும் பிள்ளைச் சைக்கிள்கள் பலவற்றில் அந்தக் குழாய் வட்டமாக இல்லாமல் தட்டையாக இருக்கிறது. வட்டக் குழாய்க்கான தாங்கி அதில் நழுவும். மூன்று, பூட்டும் பின்னுக்கும் (ஊசி போன்ற ஆணி) அதன் துளைக்கும் இடையே தேய்மானம். கம்பியின் நுனியைக் கையால் மேலும் கீழும் ஆட்டினால் "டக் டக்" என்று தட்டும். மூன்றும் சரியாக இருந்தும் ஓரிரு விரல் அகலம் சாய்ந்தால் அது பிள்ளை உட்காரும் விதம், விட்டுவிடலாம்.

12. பக்கச் சக்கரத்தைக் கழற்றணுமா? கால் பிரேக் இருந்தா என்ன ஆகும்?

கழற்றுங்கள். திருப்பத்தில் உங்கள் சைக்கிளோடு பிள்ளையின் சைக்கிளும் சாய வேண்டும். பக்கச் சக்கரம் தரையில் ஊன்றி அதைத் தடுக்கும், கர்பு (பாதையோரக் கட்டை) விளிம்பிலும் மாட்டும். பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் கால் பிரேக் இருந்தால், விளையாட்டாக மிதித்தாலே பின்சக்கரம் இறுகித் தேயும், உங்களைத் திடீரென்று பின்னுக்கு இழுக்கும். சொன்னால் கேட்கும் வயது வரும்வரை அந்தச் சைக்கிளை இழுக்க வேண்டாம். கை பிரேக்கிலும் அவள் விரல் வைக்காமல் பழக்குங்கள்.

13. பாதி வழியில தூங்கிட்டா?

டிரெய்லரில் தூங்கட்டும். பெல்ட் ஐந்து முனையும் பூட்டியிருக்கிறதா, தலை தொங்கி மூச்சுக்குழாய் மடங்கவில்லையா என்று மட்டும் நின்று பாருங்கள். டேக்-அலாங்கிலும் டோ பாரிலும் தூக்கம் ஆபத்து. கை தளர்ந்த நொடியே விழுவாள், விழுந்தது உங்களுக்குத் தெரியாமலேயே போகலாம். பாலர் பள்ளி முடிந்த மாலை, மதிய உணவுக்குப் பின், நீச்சல் முடிந்து வரும் வழி ஆகிய மூன்று நேரங்களில்தான் பெரும்பாலும் இது நடக்கும். பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஓட்டுங்கள். இரண்டு முறை பதில் வரவில்லை என்றால் நிறுத்தி இறங்குங்கள்.

14. இந்த வெயில்ல டிரெய்லருக்குள்ள குழந்தை வெந்துடாதா?

பிளாஸ்டிக் மூடியைச் சாத்தினால் நிச்சயம் வெந்துவிடும். அது மழைக்கு மட்டும். மற்ற நேரத்தில் வலைமூடி, பின்பக்கச் சன்னல் திறந்தபடி. நிழலில் நிறுத்தினாலும் காற்றோட்டம் நின்றவுடன் உள்ளே வெப்பம் ஏறும். ஐஸ்கிரீம் வாங்கப் போகும்போதுகூடக் குழந்தையை உள்ளே விடாதீர்கள். 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் கொடுங்கள். பிடரியில் கையை வைத்துப் பாருங்கள். அது சூடாகவும் உலர்ந்தும் இருந்தால் உடனே வெளியே எடுத்து நிழலில் உடலை நனையுங்கள். காலை ஏழு முதல் ஒன்பது, மாலை ஆறுக்குப் பிறகு ஆகியவையே இங்கே நல்ல நேரம். ஏழு மணிக்கு இருட்டிவிடும். பின் சிவப்பு விளக்கைக் குழந்தையின் வண்டியில் மாட்டுங்கள், உங்கள் சைக்கிளில் உள்ள விளக்கை அது மறைத்துவிடும்.

மழையைவிட மின்னல்தான் கவலை. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் மின்னல் எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். இடி கேட்டால் மரத்தடி வேண்டாம். புளோக்கின் கீழ்த்தளமோ கட்டடமோ தேடுங்கள்.

15. முதல் தடவை எப்படிப் பழகறது?

குழந்தை இல்லாமல் தொடங்குங்கள். டிரெய்லர் என்றால் ஐந்து கிலோ அரிசி மூட்டை மூன்றை இருக்கையில் வைத்து பெல்ட் போடுங்கள். அரை மணி நேரம் நான்கு காரியங்களைச் செய்யுங்கள்: நேராக மெதுவாக ஓட்டுவது, இரு பக்கமும் அகலமாகத் திரும்புவது, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து நிறுத்துவது, இறங்காமல் பின்னால் திரும்பிப் பார்ப்பது. இடப்பக்கம் மாட்டிய டிரெய்லரில் இடது திருப்பத்தை வேண்டுமென்றே பெரிதாக எடுங்கள். குறுக்கினால் இழுவைக் கை சக்கரத்தில் உரசும். டிரெய்லர் கவிழ்வது பெரும்பாலும் ஒரே விதத்தில்தான்: திரும்பும்போது உட்பக்கச் சக்கரம் கர்பில் ஏறிவிடும். வேகமும் இருந்தால் முடிந்தது.

டேக்-அலாங், டோ பார் இரண்டிலும் ஏறும் வரிசை முக்கியம். நீங்கள் இரு காலையும் ஊன்றி, இரு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு நின்ற பிறகு பிள்ளை ஏற வேண்டும். இறங்கும்போது பிள்ளை முதலில், நீங்கள் பிறகு. உங்களுக்குள் மூன்றே சொல் வைத்துக்கொள்ளுங்கள்: "மிதி", "பிடி", "மேடு". மூன்றாவது, குலுங்கப்போகிறது என்ற எச்சரிக்கை.

16. நம்ம ஊர்ப் பாதையில எங்கெல்லாம் மாட்டிக்கும்?

சாலை நடுத்திட்டில்தான் முதலில். டேக்-அலாங் மாட்டிய சைக்கிள் கிட்டத்தட்ட மூன்று மீட்டர் நீளம். பச்சை மனிதன் பாதியில் அணைந்து நீங்கள் திட்டில் நின்றால், முன்சக்கரம் ஓரத்தில் இருக்க, பிள்ளை இன்னும் சாலைக்கு மேல் இருப்பாள். இரண்டு கட்டமாகக் கடக்கும் இடங்களில் விளக்கு பச்சையானவுடன் கிளம்ப முடியாவிட்டால் அடுத்த பச்சைக்குக் காத்திருங்கள்.

அடுத்து வளைந்து நுழையும் தடுப்புகள், சாய்தளம் இல்லாத மேம்பாலங்கள். படிக்கட்டோரச் சைக்கிள் பள்ளம் ஒற்றைச் சைக்கிளுக்கு மட்டுமே. புதிய வழியை முதலில் தனியாக ஓட்டிப் பாருங்கள். கிழக்குக் கடற்கரைப் பூங்கா வார இறுதியில் கூட்டம் தாங்காது. வாரநாள் காலை நன்றாக இருக்கும். 24 கி.மீ நீளமுள்ள ரயில் காரிடாரில் சாலைக் குறுக்கீடு குறைவு, ஆனால் சரளைக்கல். மழை பெய்த மறுநாள் மெல்லிய டயர் புதையும். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய, டைனோசர் சிலைகள் நிற்கும் பாதை பிள்ளைகளுக்குப் பிடித்தது, அகலமும் உண்டு. அங்கே உங்கள் பின்னால் இருப்பவள் இரு பக்கமும் திரும்பிக்கொண்டே வருவாள் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

17. ரெண்டு பிள்ளைங்க. ஒருத்தனுக்கு ரெண்டு வயசு, ஒருத்திக்கு அஞ்சு. என்ன செய்யறது?

ஆக்சிலில் மாட்டும் டோ பாருக்கு இங்கே பெரிய வசதி உண்டு: சீட் போஸ்ட் காலியாக இருப்பதால் பின் குழந்தை இருக்கையையும் மாட்ட முடியும். ஆனால் 10ஆம் கேள்வியின் கணக்கை மறுபடி போடுங்கள். இருக்கையும் சின்னவனும் சேர்த்து இன்னும் 15 கிலோ ஏறும். பலமான பிரேக்கும் நல்ல பழக்கமும் உள்ளவர்களுக்கு மட்டும். மற்றவர்கள் இரண்டு பெரியவர்களாக ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். டேக்-அலாங்குக்குப் பின்னால் டிரெய்லரைக் கோப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

18. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுல இதை எங்கே வைக்கிறது?

தாழ்வாரத்தில் வைத்தால் நடக்க 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. டிரெய்லர் மடங்கினாலும் சக்கரத்தைக் கழற்றாவிட்டால் மீதி இடத்தில் அடங்காது. சக்கரத்தைக் கழற்ற உங்களுடையதில் பொத்தானா, ஸ்பேனரா என்று வாங்கும் முன் பாருங்கள். தினமும் ஸ்பேனர் எடுப்பவர் யாரும் இல்லை. மின்தூக்கியில் டேக்-அலாங்கைச் சைக்கிளிலிருந்து கழற்றித்தான் ஏற்ற வேண்டும். டோ பார்தான் இடம் கேட்காதது. கதவுக்குப் பின்னால் நிற்கும்.

19. கரோசெல் ஆப்ல பழசு மலிவா வருது. வாங்கலாமா?

டிரெய்லரும் டேக்-அலாங்கும் உறுதியாகச் செய்யப்படுபவை, பழசு வாங்கலாம். நேரில் போய்ப் பாருங்கள். இழுவைக் கையின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல், ஹிட்ச்சில் ரப்பர் இருந்தால் அதை வளைத்தால் தெரியும் வெடிப்பு, பெல்ட்டின் கொக்கி "கிளிக்" என்று பூட்டுகிறதா, மடிப்புப் பூட்டு விழுகிறதா, பாதுகாப்புப் பட்டை இருக்கிறதா ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன பட்டை, ஹிட்ச் கழன்றாலும் டிரெய்லரைச் சைக்கிளோடு பிடித்திருப்பது. அது இல்லாமல் ஓட்டாதீர்கள். தரச் சின்னமாக ஏஎஸ்டிஎம் எஃப்1975 அல்லது இஎன் 15918 என்று ஒட்டியிருக்கலாம். வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் அது திரும்பப் பெறப்பட்டதா என்றும் தேடுங்கள்.

ஹெல்மெட்டை மட்டும் பழசு வாங்காதீர்கள். அது எத்தனை முறை விழுந்தது என்று வெளியிலிருந்து தெரியாது.

20. எவ்வளவு நாளைக்கு ஒருதடவை என்ன பார்க்கணும்?

ஒவ்வொரு முறையும்: பூட்டும் பின் சரியாகப் பூட்டியிருக்கிறதா, அதன் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்கிறதா, பட்டை சைக்கிளின் சட்டத்தைச் சுற்றி மாட்டியிருக்கிறதா, மூன்று டயரிலும் அல்லது நான்கிலும் காற்று இருக்கிறதா. காற்றழுத்தம் டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். டிரெய்லரின் ஒரு டயரில் மட்டும் குறைந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். மாதம் ஒருமுறை எல்லாத் திருகும். கடற்கரையில் ஓட்டுபவர்கள் வீடு வந்ததும் ஈரத்துணியால் பின்னையும் இடுக்கியையும் துடைத்து, பின்னில் மட்டும் ஒரு துளி கிரீஸ் வையுங்கள். அலுமினியக் குழாய்க்குள் இரும்புப் பின் உப்புக்காற்றில் இறுகிப்போனால் சுத்தியல் எடுத்தாலும் வராது.

21. எப்போ நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?

டிரெய்லரில் ஹெல்மெட் கூரைத்துணியைத் தொட்டால். டேக்-அலாங்கில் முட்டி ஹேண்டிலில் இடித்தால். டோ பாரில் 10ஆம் கேள்வியில் சொன்ன எடை வரம்பு நெருங்கினால், அல்லது பிள்ளை தானாகப் பிரேக் பிடித்து நின்று, இடது ஓரமாக ஒதுங்கக் கற்றுக்கொண்டால். அதற்கடுத்த சில மாதங்களுக்கு டோ பாரைச் சைக்கிளோடு எடுத்துப் போங்கள், ஆனால் கேட்டால் மட்டும் மாட்டுங்கள். விற்கும்போது பூட்டும் பின், ஷிம், பாதுகாப்புப் பட்டை, கையேடு நான்கையும் ஒரு பையில் போட்டுக் கம்பியோடு கட்டிக் கொடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு ஆறு மாதத் தேடல் மிச்சம்.